வந்து நின்றால்தான் வருவாள்

எங்கள் சித்தியைப் போல ஆளுக்கு எரிச்சல் மூட்டுகிற இன்னொரு மனுஷியை நான் இந்த வயது வரைக்கும் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இப்போதும் கல்யாண வீடுகளில் பழைய தாராவிக்காரிகள் நாலு பேர் சேர்ந்துவிட்டால் சித்தி பேச்சுத்தான். எனக்கு அவள்தான் பிரசவம் பார்த்தாள், என் மகளுக்கும் அவள்தான் பார்த்தாள், அந்தக் கைக்கு என்ன கொடுத்தாலும் தகும் என்பார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். நாலு பேர் முன்னால் வாய் திறந்து எனக்குப் பழக்கமில்லை. ஆனால் மனசுக்குள் கேட்டுக்கொள்வேன். அவள் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது, சரி. அவளை வரவழைத்தது யார் என்று உங்களில் ஒருத்திக்காவது ஞாபகம் இருக்கிறதா?

என் மருமகள்தான், வாயால் சொல்ல வராவிட்டால் எழுதியாவது வையுங்கள் அத்தை என்றாள். நவி மும்பையில் கோபர்கைரனேக்குக் குடிவந்த பிறகு பகல் முழுக்க எனக்கு வேறு வேலையும் இல்லை. நான் நாலாவது வரைக்கும் படித்தவள். அதற்கு மேல் படிக்காமல் போனதற்குச் சித்திதான் காரணம் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குக் காரணம் கணக்குப் பாடம்.

சித்தப்பா எங்கள் அய்யாவுக்கு இளையவர். அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் சொல்வோம். அய்யா தாராவியில் தோல் பட்டறையில் வேலை பார்த்தார். சித்தப்பாவுக்கு அந்த நாற்றம் ஆகவில்லை என்று ஊருக்குப் போனார். ஊரும் ஆகவில்லை என்று பாபநாசம் மலைக்கு மேலே மரம் இறக்குகிற வேலைக்குப் போனார். அங்கே என்னதான் ஆயிற்றோ, திரும்பி பம்பாய்க்கு வந்தபோது கூடவே சித்தி இருந்தாள். அந்த மலையில் இருக்கிற பழங்குடிகளான காணிக்காரர்களில் ஒருத்தி. குள்ளமாக, கறுப்பாக, ஒரு துணி மூட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றாள். ரயிலில் இரண்டு நாள் அதை அவள் கீழே வைக்கவில்லையாம்.

சந்தே கூடி வந்து பார்த்தது. காட்டுக்காரி என்று அப்போதே பெயர் வைத்துவிட்டார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா ஒருத்தி, இவள் மலையில் குரங்கு தின்பாளாமே என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா இட்லிக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

"ஆமா, அங்க கொரங்கு தின்னா. இங்க ஒங்களையெல்லாம் பாத்துட்டு எதுல இருந்து ஆரம்பிக்கலாம்னு யோசிச்சிட்டிருக்கா."

அம்மா அப்படித்தான். விடியற்காலையில் இட்லி அவித்து, வாங்கிப்போய் விற்கிறவர்களுக்குக் கொடுக்கிற தொழில். இட்லிக் கொப்பரை நாலு எரிந்துகொண்டிருக்கும்போது அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவள் தொண்டை அப்படியே நின்றுவிட்டது. காதோடு சொல்கிற ரகசியத்தைக்கூடக் குழாயடிக்குக் கேட்கிற மாதிரித்தான் சொல்வாள். அவளுக்கு மகளாகப் பிறந்து எனக்கு ஏன் குரலே வரவில்லை என்று எல்லாரும் ஆச்சரியப்படுவார்கள். இருந்ததையெல்லாம் அவளே எடுத்துக்கொண்டாள், எனக்கு மிச்சமில்லை.

ஒரே கோலிதான் எங்களுக்கு, பம்பாயில் அறையை அப்படித்தான் சொல்வோம். நடுவில் அம்மாவின் பழைய சேலையைக் கட்டி, இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் சித்தப்பாவும் சித்தியும். மூலையில் குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற மோரி. சத்தமாகப் பேச வேண்டிய இடமே இல்லை. ஆனாலும் வந்த முதல் வாரத்திலேயே சித்திக்குக் காது கேட்காது என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள்.

குழாயடியிலிருந்து அம்மா கூப்பிடுவாள், குடத்தை எடுத்துக்கொண்டு வா என்று. தண்ணீர் வருகிற அரைமணி நேரத்தில் ஒரு குடம் தவறினால் அன்றைக்கு இட்லியே கிடையாது. சித்தி அசையமாட்டாள். இரண்டாவது தரம், மூன்றாவது தரம். சந்தில் இருக்கிற மற்றவர்களெல்லாம் வெளியே வந்து எட்டிப்பார்ப்பார்கள், சித்தி மட்டும் வரமாட்டாள். கடைசியில் அம்மா வரிசையை விட்டுவிட்டு, முகம் சிவந்து, அடிக்கப்போகிறவள் மாதிரி வந்து எதிரே நிற்பாள். உடனே சித்தி எழுந்து குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, போகலாமா என்பதுபோலப் பார்ப்பாள்.

"நான் கூப்பிட்டது கேட்டுச்சா இல்லியா?"

"கேட்டுது அக்கா."

"பெறகு ஏன் வரல?"

"நீங்க வரல்லியே அக்கா."

இந்தப் பதிலைக் கேட்டு அம்மா கொப்பரை மூடியைத் தூக்கி எறிந்த நாள் உண்டு. காது நன்றாகக் கேட்கிறவள், யார் கூப்பிட்டாலும் வரமாட்டாள். எதிரே வந்து நின்றால்தான் வருவாள். சித்தப்பாவைக் கேட்டால், அவர்கள் ஆட்களே அப்படித்தான், எனக்கும் பழகிவிட்டது என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். அவருக்கென்ன, அவர் எதற்கும் யாரையும் கூப்பிடுகிறவர் இல்லை.

அவள் பிரசவம் பார்ப்பாள் என்பது எங்களுக்குத் தெரியவந்ததும் இப்படித்தான். சந்தில் தையல்காரர் பெண்டாட்டிக்கு வலி கண்டுவிட்டது. அதுவரை எங்கள் பக்கம் பார்த்துவந்த மருத்துவச்சி மகனோடு தூரத்தில் பாண்டூப் பக்கம் குடிபோய்விட்டாள். தையல்காரர் வாசலில் நின்று யாராவது வாங்களேன் என்று கத்திக்கொண்டிருக்கிறார். சித்தி முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். அம்மா அங்கே போயிருந்தாள். வெந்நீர்ப் பானை வேண்டும், சித்தியிடம் வாங்கி வா என்று என்னை விரட்டினாள். நான் வந்து சித்தி முன்னால் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. யாரிடம் போனாலும் எனக்கு அதுதான் கஷ்டம், முதல் வார்த்தை வராது.

சித்தி என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு மோரியில் முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினாள்.

"எந்த வீடு?" என்றாள்.

நான் விரலை நீட்டினேன். போனாள். பொழுது சாய்வதற்குள் ஆண் பிள்ளை. எல்லாரும் சித்தியைச் சுற்றி நின்று, எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்கள். மலையில் தன் அம்மாவுக்கு இதுதான் வேலை என்று மட்டும் சொன்னாள். வெந்நீர்ப் பானையை நான் கொண்டுபோகவே இல்லை என்பதை அம்மா மட்டும் ஞாபகம் வைத்திருந்து மறுநாள் திட்டினாள்.

அன்றையோடு என் நிம்மதி போயிற்று. காட்டுக்காரியைச் சத்தம்போட்டுக் கூப்பிட்டால் வரமாட்டாள், அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்தினால் எழுந்து வருகிறாள் என்று சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. அவர்களே போய் நிற்கலாம்தானே? நின்றார்கள். ஆனால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை. தூரத்திலேயே தொடங்கி, அழுது, ஒப்பாரி வைத்து, எப்போது வலி வந்தது, மாமியார் என்ன சொன்னாள் என்று கதை முழுக்கச் சொல்லிக்கொண்டே வருவார்கள். சித்தி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். பேசாமல் போய் நிற்பது என்பது எங்கள் சந்தில் எனக்கு மட்டுமே தெரிந்த வித்தையாகிவிட்டது.

பாண்டி ஆடிக்கொண்டிருக்கும்போது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். சோற்றில் கை வைத்திருக்கும்போது தட்டை வாங்கி ஓரமாக வைப்பார்கள். பள்ளிக்கூட ஜன்னலில் வந்து நிற்பார்கள். ஒருநாள் டீச்சர், இந்தப் பெண்ணுக்கும் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சிஸ்டர் வந்தார். அம்மை குத்துவதற்காகச் சந்து சந்தாக வருகிற மலையாளத்து நர்ஸ். பயிற்சி இல்லாதவர்கள் பிரசவம் பார்க்கக் கூடாது, ஏதாவது ஆகிவிட்டால் போலீஸ் கேஸ் என்று சித்தியைப் பிடித்துச் சத்தம் போட்டார். அப்புறம் அவள் கையைத் திருப்பி நகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தார். மாட்டுங்கா பக்கத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் இவளைப் போன்றவர்களுக்குப் பயிற்சி தொடங்கப்போகிறது, முடித்தால் கத்தரி, நூல், சோப்பு எல்லாம் வைத்து ஒரு தகரப் பெட்டி கொடுப்பார்கள், அந்தப் பெட்டி கையில் இருந்தால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது, இல்லாவிட்டால் இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான் என்றார்.

அம்மாதான் சொன்னாள், வருவாள் என்று.

அம்மாவுக்கு அப்போது வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. எனக்குப் பின்னால் ஒன்று பிறந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், சயன் பாலத்துக்குக் கீழே நெரிசலில் நின்ற டாக்சிக்குள்ளேயே பிறந்து, அழாமலேயே போய்விட்டது. அம்மா அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. அவ்வளவு பேசுகிறவள் அதை மட்டும் பேசியதில்லை. இந்தத் தடவை அய்யாவிடம் ஒரு வார்த்தைதான் சொன்னாள். சேலைக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கும்போது நான் எதற்கு டாக்சியில் ஏற வேண்டும் என்றாள். ஆகவே சித்திக்கு அந்தப் பெட்டி வந்தே தீர வேண்டும்.

அம்மாவுக்குக் காலையில் இட்லிக் கணக்கு முடிக்கவே நேரம் சரியாக இருக்கும். சித்திக்குப் பாதை தெரியாது. அதனால் என்னைச் சேர்த்து அனுப்பினாள். இரண்டு ஊமைகளைச் சேர்த்து அனுப்புகிறோம் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

சித்தியோடு நடப்பதே ஒரு தண்டனை. மெயின் ரோடில் ஓரத்துக்கும் ஓரமாக, சாக்கடை விளிம்பிலேயே வருவாள். ரயில் பாதை ஓரத்தில் ஒரு செடி விடமாட்டாள். குனிந்து, கிள்ளி, முகர்ந்து, இது எங்கள் மலையில் இருக்கிறதுதான் என்பதுபோலத் தலையை ஆட்டி, இடுப்பில் செருகிக்கொள்வாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது எனக்குக் கால் வலித்தது. நீளமான வராந்தாவில் பெஞ்சு. பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மராத்திக்காரிகள், தெலுங்குக்காரிகள், மீன்காரர்கள் இருக்கிற கோலிவாடாவிலிருந்து ஒரு பெரிய உடம்புக்காரி. கோடியில் இருந்த கதவைத் திறந்து சிஸ்டர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருத்தியாக எழுந்து உள்ளே போனாள்.

சித்தி பெயரையும் கூப்பிட்டார். நன்றாகவே கேட்டது. நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி எதிர்ச் சுவரில் ஊர்ந்துகொண்டிருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தரம் கூப்பிட்டார். கதவு சாத்திக்கொண்டது. மத்தியானம் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காலி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று அம்மா ஆசையாகக் கேட்டாள்.

"ஆரும் வரல்ல அக்கா," என்றாள் சித்தி.

அம்மா என் பக்கம் திரும்பினாள். பெயரைக் கூப்பிட்டார்களா இல்லையா என்றாள். கூப்பிட்டார்கள் என்று தலையாட்டினேன். பிறகு நீ என்ன செய்தாய் என்றாள். நான் தரையைப் பார்த்தேன்.

"ஒண்ணுக்கு வாயி இல்ல, ஒண்ணுக்குக் காது இல்ல. ரெண்டையும் சோடி சேத்து அனுப்பி வச்சேன் பாரு, என்னையச் சொல்லணும். அவங்க என்னட்டி, ஒனக்கு வெத்தல பாக்கு வச்சா அழைப்பாங்க?"

அன்று சாயங்காலம் எனக்குப் பாடம் நடந்தது. சித்தி பெயரைக் கூப்பிட்டதும் நான் எழுந்து, வந்திருக்கிறோம் என்பதற்கு இந்தியில் ஹாஜிர் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அம்மா கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று சிஸ்டர் மாதிரிக் கூப்பிடுவாள், நான் சொல்ல வேண்டும். எனக்கு யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் வராது. கடைசியில் காலிக் கொப்பரைக்குள் தலையை விட்டுக்கொண்டு சொன்னேன். அது கணீரென்று ஒலித்தது. அம்மாவுக்குத் திருப்தி. வேலையிலிருந்து வந்து படுத்திருந்த அய்யாதான் கேட்டார், "நாளைக்கு அங்க கொப்பரைக்கு எங்க போவ?"

அய்யா சொன்னதுபோலவே ஆயிற்று. மறுநாள் சிஸ்டர் கூப்பிட்டார். நான் எழுந்துவிட்டேன், அது வரைக்கும் சரி. பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. உட்கார்ந்துவிட்டேன். அம்மா அதற்கும் ஒரு வழி சொல்லி அனுப்பியிருந்தாள், உனக்குப் பேச்சு வராவிட்டால் சித்தியைக் கிள்ளு என்று. கிள்ளினேன். நல்ல கிள்ளு. சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பசிக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்போல. இடுப்பு முடிச்சை அவிழ்த்து, இலையும் வேருமாக இருந்ததிலிருந்து ஒரு வெல்லத் துண்டைத் தேடி எடுத்து, தூசியை ஊதி, என் கையில் வைத்தாள். நான் அழுதுகொண்டே அதைத் தின்றேன்.

அன்று மாலை சிஸ்டரே சந்துக்கு வந்தபோது அம்மாவிடம் கோபப்பட்டார். இடம் வாங்கிக் கொடுத்தும் இரண்டு நாளாக ஆள் வரவில்லை என்றார். அம்மா, இரண்டு நாளும் வந்து பெஞ்சில்தானே உட்கார்ந்திருந்தாள் என்றாள்.

"பெஞ்சில இருந்தா எனக்கு எப்படித் தெரியும் அம்மே? பேர் விளிச்சா எழுந்திரிக்கணும். நாளைக்கும் இல்லைன்னா வேற ஆளைச் சேர்த்துடுவேன். கேக்க இன்னும் எத்தனையோ பேர் இருக்காங்க."

சிஸ்டர் போனதும் அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சேலையை ஒதுக்கிவிட்டு அந்தப் பக்கம் போய், சித்திக்கு எதிரே வயிற்றைத் தாங்கிக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

"ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த. எனக்காகச் சொல்ல மாட்டியா?"

சித்தி அம்மா வயிற்றில் கை வைத்தாள். மெதுவாக மேலே ஒரு பக்கம், கீழே ஒரு பக்கம் அமுக்கிப் பார்த்தாள்.

"தலை இன்னும் மேலதான் கிடக்கு அக்கா. நாள் இருக்கு. பயப்படாதீங்க."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். பெட்டிக்காக இவள் அலைகிறாள், அவளோ பெட்டி இல்லாமலேயே வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

மூன்றாம் நாள் போனபோது எனக்குள் ஒரு நம்பிக்கையும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒவ்வொருத்தியாக உள்ளே போனாள். கோலிவாடாக்காரி போகும்போது எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். சித்தி பெயர் வந்தது. நான் எழுந்திருக்கவே இல்லை. இன்னொரு தரம் வந்தது. கொஞ்சம் நிறுத்தி, ஆஸ்பத்திரியே கேட்கிற மாதிரி இன்னொரு தரம். கதவு படார் என்று சாத்திக்கொண்டது. அவ்வளவுதான், இனி அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தேன்.

கதவு மறுபடியும் திறந்தது. சிஸ்டர் வெளியே வந்தார். வராந்தா நீளத்துக்கும் செருப்பு அடித்துக்கொண்டு விறுவிறு என்று நடந்து வந்து, சித்திக்கு நேர் எதிரே, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றார். அவருக்கு வந்த கோபத்தில் பேச்சு எழவில்லை. உதடு மட்டும் துடித்தது. எந்தப் பாஷையில் திட்டுவது என்று தேடுகிறார் என்று நினைத்தேன்.

சித்தி தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். அவசரமில்லாமல் பார்த்தாள். பிறகு எழுந்து, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எந்த வீடு?" என்றாள்.

சிஸ்டர் அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார். அப்புறம் நான் தையல்காரர் வீட்டைக் காட்டியது மாதிரியே விரலை நீட்டிக் கதவைக் காட்டினார். சித்தி நடந்து உள்ளே போனாள். நான் வெளியே உட்கார்ந்து, மூச்சு விடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பயிற்சி முடிகிற வரைக்கும் தினமும் இதே கூத்துத்தான். மற்றவர்களையெல்லாம் கதவடியில் நின்றே கூப்பிட்டுவிட்டு, கடைசியில் சிஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே வராந்தாவில் நடந்து வருவார். பக்கத்தில் வந்ததும் முணுமுணுப்பை நிறுத்திவிட்டு நிற்பார். சித்தி எழுந்து போவாள். ராணி மகாராணிக்குக்கூட நான் இப்படி நடந்ததில்லை என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்பட்டாராம். ஆனால் ஒரு நாளாவது வராமல் இருந்தாரா என்றால், இல்லை.

பெட்டி வந்தது. அம்மா அதைச் சித்தியிடம் கொடுப்பதற்கு முன்னால், காட்டுக்காரி என்று சொன்ன ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று திறந்து மூடித் திறந்து மூடிக் காட்டிவிட்டு வந்தாள். அதன் பிறகு யாரும் அவளை அப்படிக் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிட்டாலும் அவள் வரப்போவதில்லை என்பது வேறு விஷயம். நான் முன்பைவிட மோசமாக மாட்டிக்கொண்டேன். பெட்டி வந்த பிறகு அடுத்த சந்திலிருந்தும், அதற்கடுத்த சந்திலிருந்தும், வடாலாவிலிருந்துகூட ஆள் வந்தது. வந்தவர்களெல்லாம் முதலில் கேட்டது சித்தியை அல்ல, என்னைத்தான்.

அவள் ஏன் அப்படி இருந்தாள் என்பது எனக்கு என் தலைப்பிள்ளை பிறக்கிற சமயத்தில்தான் தெரிந்தது. வலி வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. சித்தி என் காலை நீவிவிட்டுக்கொண்டே, நான் கேட்காமலேயே, தானாகச் சொன்னாள். அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

மலையில் இவர்கள் குடியிருப்புக்குக் கீழே வந்து நின்று, மரக் காண்டிராக்டருடைய ஆட்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். ஏன் என்று யார் குரல் கொடுக்கிறார்களோ அவர்கள் இறங்கிப் போய்ச் சுமை தூக்க வேண்டும். கைப்பிள்ளைக்காரி என்றாலும் விடமாட்டார்கள். போனால் திரும்பி வர நாளாகும். அதனால் கூப்பிட்ட குரலுக்கு அங்கே யாரும் பதில் கொடுப்பதில்லை. உண்மையில் வேண்டியவர்கள் ஏறி வந்து எதிரே நிற்பார்கள், முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். சித்தியின் அம்மாவைப் பிரசவத்துக்குத் தேடி வருகிறவர்களும் அப்படித்தான் வருவார்கள். ஒரு நாள் மத்தியானம் கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. பக்கத்துக் குடியில் ஒருத்திக்கு அது பிரசவ நாள். அவளுக்குத்தான் என்று நினைத்து, சித்தியின் அம்மா பதைத்துப்போய்க் குரல் கொடுத்துவிட்டாள். பிரசவத்துக்கு வந்த ஆள் இல்லை. கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் திரும்புவதற்குள் வீட்டில் சித்தியின் அக்காவுக்கு வலி வந்துவிட்டது. வீட்டில் இருந்தது சித்தி மட்டும்தான். அம்மா செய்வதைப் பார்த்திருக்கிறாள், தானாகச் செய்ததில்லை.

"பிள்ளைய எடுத்துட்டேன். அக்காவ விட்டுட்டேன்," என்றாள். "அப்ப எனக்கு ஒன் வயசு இருக்கும். நீ வந்து வந்து என் முன்னால நிப்பியே, அந்த வயசு."

அவள் அம்மா திரும்பி வந்து என்ன சொன்னாள் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் எனக்கு அடுத்த வலி வந்துவிட்டது.

இது எதுவும் தெரியாத வயதில், தம்பி பிறந்த அன்று நடந்ததோடு முடித்துக்கொள்கிறேன்.

காலையில் தண்ணீர் வந்திருந்தது. அம்மா குழாயடியில் வரிசைக்காக யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நானும் குடத்தோடு நின்றேன். பாதிச் சண்டையில் அம்மா நிறுத்தினாள். அம்மா ஒரு சண்டையைப் பாதியில் விட்டு அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டாள். அவள் காலடியில் ஓடிய தண்ணீர் குழாய்த் தண்ணீர் இல்லை என்று பக்கத்தில் நின்றவள் சொன்னாள். நாள் இன்னும் இருந்தது. டாக்சி பிடிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதும் அம்மா முகம் மாறிப்போயிற்று. எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி, எப்போதும் கத்துகிற மாதிரியே கத்தினாள்.

"ஏட்டீ!"

இவ்வளவு நாள் பழகியும் அம்மாவுக்குப் புத்தி வரவில்லையே என்று எனக்கு அலுப்பாக இருந்தது. கத்தினால் வருவாளா அவள்? குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். வழக்கம்போலப் போய் நிற்க வேண்டும், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், கை கழுவ வேண்டும், எந்த வீடு என்று கேட்க வேண்டும். அதற்குள் என்னென்ன ஆகுமோ என்று ஓடினேன்.

பாதிச் சந்தில் சித்தி எதிரே வந்தாள். ஓடி வந்தாள். அவள் ஓடி யாருமே பார்த்ததில்லை. கையில் பெட்டி, முடி அவிழ்ந்து தொங்குகிறது, முழங்கையிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டுகிறது. என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சந்தில் இருந்தவர்களெல்லாம் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார்கள்.

எங்கள் கோலியிலேயே, சேலைக்கு அந்தப் பக்கம், தம்பி பிறந்தான். பிறந்ததும் அழுதான். அம்மா குரல் அப்படியே அவனுக்கு வந்திருந்தது, குழாயடி வரைக்கும் கேட்டது. அம்மாவும் அழுதாள், அதுவும் கேட்டது. அய்யா வந்து பார்த்துவிட்டு வெளியே போய்ச் சந்தில் தனியாக நின்றுகொண்டார். சிஸ்டர் வந்து பார்த்து, பெட்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். எல்லாருக்கும் சந்தோஷம்.

எனக்கு மட்டும் உடம்பெல்லாம் எரிந்தது. அப்படியானால் வரத் தெரியும். கூப்பிட்டால் எழுந்து ஓடி வரத் தெரியும். பின்னே எதற்கு நான்? எத்தனை ஆட்டம் போயிற்று, எத்தனை சோறு ஆறிப்போயிற்று, பெஞ்சில் அத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்து காற்றை விட்டேனே, அதெல்லாம் எதற்கு? அம்மா வலி வந்து கூப்பிட்டால் மட்டும் காதில் ஏறுமா? இதையெல்லாம் வரிசையாகக் கேட்டுவிடுவது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு சித்தி இருந்த இடத்துக்குப் போனேன்.

அவள் மோரிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுவின கை இரண்டும் மடியில் கிடந்தன. நடுங்கிக்கொண்டிருந்தன. ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள், அது நிற்கவில்லை. ஓடி வந்த களைப்பு என்று நினைத்தேன். நன்றாக வேண்டும் என்றும் நினைத்தேன்.

அவள் எதிரே போய் நின்றேன். கேட்க வந்ததில் ஒரு வார்த்தை வரவில்லை. கோபத்தில் உதடு துடித்தது. முஷ்டியை மடக்கிக்கொண்டு நின்றுகொண்டே இருந்தேன்.

சித்தி தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையில் கையை ஊன்றி மெல்ல எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பெட்டியை எடுத்தாள்.

"எந்த வீடு?" என்றாள்.

நான் காலைத் தரையில் உதைத்துவிட்டுச் சந்துக்குள் இறங்கி வேகமாக நடந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சாக்கடை விளிம்போரமாக, அவள் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள்.